பந்து எங்கே பட்டது? சிறுவர் கையில் மர மட்டை

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் பேஸ்பால் பயிற்சி நடத்தும் திடலுக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஓர் அம்மா நேராகவே கேட்டுவிட்டார். "அண்ணே, அலுமினிய மட்டைதான் பை நிறைய இருக்கே, எதுக்குப் பிள்ளைங்க கையில கட்டையக் குடுக்கறீங்க? மேட்சுல அதுல அடிக்கப் போறதில்லையே?"

நியாயமான கேள்வி. போட்டியில் பிள்ளைகள் அலுமினியத்தில்தான் அடிக்கிறார்கள். மரத்தில் அடித்தால் பந்து அவ்வளவு தூரம் போவதில்லை, கை வலிக்கிறது, மட்டையும் உடைகிறது. அப்படியும் ஏன் மரம் என்பதற்கு அன்று திடலோரத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலுமினியம் வந்த கதை. ஒரு காலத்தில் எல்லாமே மரம்தான். மரம் உடையும், உடைந்தால் மறுபடி வாங்க வேண்டும், பள்ளிக்கும் கல்லூரிக்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 1971-இல் உலோக மட்டையை ஏற்றுக்கொண்டது. 1974-இல் கல்லூரி ஆட்டங்களுக்கும் அது வந்தது. அதே 1974-இல் ஜப்பானின் உயர்நிலைப்பள்ளிகளும், புகழ்பெற்ற கோஷியன் கோடைப் போட்டியில், உலோகத்துக்கு மாறின. சிக்கனத்துக்காகத்தான் இந்த மாற்றம். ஆனால் உள்ளே காலியாக இருக்கும் குழாய்க்கு வேறொரு குணமும் இருந்தது. மரத்தில் மோதும் பந்து நசுங்குகிறது. நசுங்கும்போது வேகத்தில் பெரும்பங்கை அது தனக்குள்ளேயே இழந்துவிடுகிறது. மெல்லிய உலோகச் சுவரில் மோதினால் பந்து அவ்வளவு நசுங்குவதில்லை. சுவர் கொஞ்சம் உள்வாங்கிவிட்டு எம்பித் தள்ளுகிறது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

தொழில்முறை ஆட்டம் மட்டும் மரத்தை விடவே இல்லை. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக்கின் விதிப்படி மட்டை ஒரே துண்டு மரமாக இருக்க வேண்டும், மிகப் பருத்த இடத்தில் விட்டம் 2.61 அங்குலம், நீளம் 42 அங்குலம், அதற்கு மேல் கூடாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்து நின்றதும், அதன் பிறகு மட்டையின் அலகு மரத்தால்தான் ஆக வேண்டும் என்று விதி வந்ததும் நம் அப்பாக்கள் தலைமுறை பேசித் தீர்த்த விஷயம்.

சிறுவர், மாணவர் ஆட்டங்களும் இப்போது மெல்ல மரத்தின் பக்கம் திரும்புகின்றன. மட்டை அலுமினியமாகவே இருந்தாலும் மரத்தைப் போல நடந்துகொள்ளட்டும் என்று விதி போடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் 2011-இலும் உயர்நிலைப்பள்ளிகளில் 2012-இலும் உலோக மட்டையின் எம்பும் குணத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது. லிட்டில் லீக் 2018-இல் தன் மட்டைகளையும் மரத்தின் அளவுக்கு இறக்கியது. ஜப்பான் 2024 வசந்தகாலப் போட்டியிலிருந்து மட்டையின் விட்டத்தை 67 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆகக் குறைத்து, சுவரையும் தடிப்பாக்கிவிட்டது. விளைவு உடனே தெரிந்தது. 2017 கோடைக் கோஷியனில் 68 ஹோம் ரன்கள், அதாவது பந்து எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடிகள். 2023-இல் 23. புது மட்டை வந்த 2024 கோடையில் வெறும் 7. அந்த ஆண்டு வசந்தகாலப் போட்டிக்குச் சில மாணவர்கள் மர மட்டையையே எடுத்து வந்தார்கள். உலோகமும் இனி எம்பப் போவதில்லை என்றான பிறகு, கைக்கு இதமானதே மேல் என்று அவர்கள் நினைத்திருந்தால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் துள்ளல் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். அவனுக்கு முக்கியம் எடை, அதிலும் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

28 அங்குல நீளமுள்ள சிறுவர் அலுமினிய மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 'டிராப் டென்' என்பார்கள். அங்குலக் கணக்கிலுள்ள நீளத்திலிருந்து பத்தைக் கழித்தால் அவுன்ஸ் கணக்கில் எடை வரும். ஆக 18 அவுன்ஸ், ஏறக்குறைய 510 கிராம். அதே நீளத்தில் ஒழுங்கான மர மட்டை பெரும்பாலும் 22, 23 அவுன்ஸ் இருக்கும், அதாவது 620 முதல் 650 கிராம் வரை. வித்தியாசம் ஒரு பேஸ்பாலின் எடைகூட இல்லை, பேஸ்பால் 142-லிருந்து 149 கிராம். கேட்டால் சிறியதாகத் தோன்றும். ஆனால் மரத்தில் அந்தக் கூடுதல் எடை பெரும்பாலும் மட்டையின் பருத்த தலைப்பக்கம் இருக்கிறது. குழாயை உள்ளே குடைந்து தலையை லேசாக்கலாம். மரத்தில் அந்த அளவுக்கு நடக்காது. சுத்தியலைக் கைப்பிடியில் பிடித்து வீசிப் பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்பி இரும்பைப் பிடித்துக்கொண்டு வீசிப் பாருங்கள். தூக்கும் எடை ஒன்றுதான், வீசும்போது கைக்குத் தெரிவது வேறு.

இந்தத் தலைக்கனம்தான் ஆசிரியர். அலுமினியத்தை வெறும் கையால், மணிக்கட்டை மட்டும் சுழற்றி, ஒரு பையன் வீசிவிடலாம். இடுப்பு திரும்பாவிட்டாலும் பந்து போகும், அவனும் சரியாகத்தான் வீசினோம் என்று நினைத்துக்கொள்வான். மரத்தில் அப்படி வீசினால் மட்டையின் தலை பின்தங்கிவிடும், பந்து போனபிறகு வந்து சேரும். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கையை உடம்போடு ஒட்டிக் கொண்டுவந்தால்தான் நேரத்துக்கு வரும். நான் வாயால் நூறு முறை சொல்லியும் ஏறாததை மரம் ஒரு காலைப் பொழுதில் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் இருக்கிறான். அலுமினியத்தில் நல்ல அடி. பந்தை ரப்பர் தண்டின் மேல் நிறுத்திவைத்து அடிக்கும் டீ பயிற்சியில் முதன்முதலாக மேப்பிள் மர மட்டையைக் கொடுத்தேன். நாலாவது அடியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான்.

"கை சுரீர்னு இருக்கு கோச்."

"மட்டையப் பாரு. எங்க பட்டிருக்கு?"

மர மட்டை புதிதாக இருக்கும்போது பந்தின் தடம் அதில் அப்படியே பதியும். தோலின் அழுக்கு ஒரு மங்கலான வட்டமாக ஒட்டும், சில சமயம் சிவப்புத் தையலின் கோடுகூடத் தெரியும். அவன் மட்டையில் நான்கு தடங்கள். மூன்று கைப்பிடியை ஒட்டி, மட்டை பருக்கத் தொடங்கும் இடத்தில். ஒன்று நுனியில். நடுவில் எதுவுமே இல்லை. மட்டையின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலத்துக்குள் இருக்கும் பகுதியைத்தான் ஸ்வீட் ஸ்பாட் என்கிறார்கள். அங்கே பட்டால் அதிர்வு கைக்கு வருவதில்லை. தள்ளிப் பட்டால் மரம் முழுக்க நடுங்கி அந்த நடுக்கம் விரலில் வந்து முடியும். அலுமினியத்தில் அவன் இத்தனை நாளும் இப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தான். குழாயின் பெரிய வயிறு அதை மறைத்துவிட்டது, பந்தும் எப்படியோ திடலுக்குள் போய் விழுந்தது. அவன் டீயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி நிற்க வேண்டியவன். அதுவரை எனக்கே அது கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து பத்து அடிக்கு ஒருமுறை எல்லோரும் மட்டையைத் திருப்பித் தடத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பழைய மட்டையாக இருந்தால் தடம் தெரியாது, அதற்கு வெள்ளை ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம்.

கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். கிரிக்கெட் மட்டைக்குத் தட்டையான முகம், அகலம் 10.8 சென்டிமீட்டர். பேஸ்பால் மட்டை உருண்டை, பெரியவர்களுடையதே 6.63 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. உருண்டையும் உருண்டையும் சந்திக்கும்போது மட்டை பந்தின் நடுவுக்குச் சில மில்லிமீட்டர் மேலே பட்டால் பந்து தரையில் குத்தும், கீழே பட்டால் தலைக்கு மேல் எழும்பி எளிதான கேட்ச் ஆகிவிடும். கிரிக்கெட் பழகிய பிள்ளைக்குக் கண்ணும் கையும் ஒன்றுசேரும் திறமை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மட்டையை நிமிர்த்திக் கீழ்நோக்கிக் கொண்டுவரும் பழக்கமும் கூடவே வந்துவிடும். உலோக மட்டையில் அதைத் திருத்தப் பல மாதம் பிடிக்கிறது, அந்த அடிக்கும் ஏதோ ஒரு பலன் கிடைத்துக்கொண்டே இருப்பதால். மரத்தில் கை சுரீர் என்றதும் தானே மாற்றிக்கொள்கிறார்கள். பள்ளியில் சோஃப்ட்பால் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். அவர்களுக்குப் பழக்கமான பந்தின் சுற்றளவு முப்பது சென்டிமீட்டர், பேஸ்பால் இருபத்து மூன்றுதான். சின்னப் பந்து, சன்னமான மரம், இரண்டும் ஒன்றாக வந்தால் பயந்துவிடுகிறார்கள். அவர்களை இரண்டு வாரம் சோஃப்ட்பாலையே மரத்தில் அடிக்கவிட்டுப் பிறகுதான் பந்தை மாற்றுகிறேன்.

இனி நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மர மட்டை வேண்டாம். கனமான மட்டையில் பழகினால் கை உரமாகும், பிறகு லேசான மட்டை பறக்கும் என்று நினைத்து, பெரிய அண்ணனின் 32 அங்குலக் கட்டையைத் தம்பி கையில் கொடுக்கிற அப்பாக்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் நடப்பது நேர்மாறு. தாங்க முடியாத கனத்தை வீச உடம்பு குறுக்குவழி தேடும். முழங்கை இறங்கும், முதுகு பின்னால் சாயும், அந்தக் கோணல்தான் பழக்கமாக நிலைக்கும். அடிக்கப் போகும் முன் மட்டையில் எடை வளையம் மாட்டி வீசுகிறார்களே, அதுகூட அடுத்த வீச்சை வேகமாக்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லேசாகிவிட்டது போல ஓர் உணர்வு வரும், அவ்வளவுதான்.

மட்டை சரியான எடையா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்றுதான். பிள்ளையை முழு வேகத்தில் வீசத் தொடங்கச் சொல்லிவிட்டுப் பாதியில் "நிறுத்து" என்று கத்துவேன். மட்டையின் தலை முன்னங்காலைத் தாண்டும் முன் நிறுத்த முடிந்தால் அந்த மட்டை அவனுடையது. முடியாவிட்டால் கைப்பிடியில் இரண்டு விரல் மேலேற்றிப் பிடிக்கச் சொல்வேன். அப்போதும் முடியாவிட்டால் சின்ன மட்டை.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருகிறேன். பேஸ்பாலில் மூன்று மரங்கள்: ஆஷ், மேப்பிள், பர்ச். நெடுங்காலம் ஆஷ்தான் ராஜா. 2001-இல் மேஜர் லீக் ஆட்டக்காரர் பேரி பாண்ட்ஸ் மேப்பிள் மட்டையால் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தபின் பலரும் மேப்பிளுக்குத் தாவினார்கள். போதாததற்கு ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு ஒன்று ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டு, காடு காடாக ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. மேப்பிள் கெட்டியானது, ஆனால் உடைந்தால் கூரான துண்டாகத் தெறிக்கும். ஆஷ் பெரும்பாலும் பாளம் பாளமாகப் பிரியும். 2008-இல் மேஜர் லீக் 2,200-க்கும் மேற்பட்ட உடைந்த மட்டைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. நாரின் ஓட்டம் மட்டையின் நீளவாக்கிலிருந்து விலகிச் சாய்ந்திருப்பதுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. அதிலிருந்து மேப்பிள், பர்ச் மட்டைகளின் கைப்பிடியில் ஒரு சொட்டு மை வைத்துப் பார்க்கிறார்கள். மை நாரோடு ஓடும், அந்தக் கோடு மூன்று பாகைக்கு மேல் சாய்ந்தால் மட்டை தள்ளுபடி. கைப்பிடியில் சின்னக் கறுப்புப் புள்ளி கண்டால் அழுக்கு என்று துடைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: பந்து படும் நேரத்தில் மட்டையின் முத்திரை வானத்தைப் பார்க்கட்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அந்தந்த மரத்துக்கு வலுவான பக்கம் பந்தைச் சந்திக்கும்படிதான் முத்திரையைப் பதிக்கிறார்கள். முத்திரைமேலேயே பந்து பட்டால் முதல் நாளிலேயே கீறல் விழலாம்.

இதோடு மூங்கில் மட்டையும் இருக்கிறது. மூங்கில் சிம்புகளை ஒட்டி அழுத்திக் கடைந்தது. ஜப்பான் மாணவர்கள் பயிற்சிக்கு நிறைய பயன்படுத்துகிறார்கள், மரத்தைப்போலச் சட்டென்று உடையாது. ஆனால் தப்பான இடத்தில் பட்டால் கையை ஒரு வழி பண்ணிவிடும். பதினான்கு வயதுக்கு மேல்தான் கொடுக்கிறேன்.

நம்மிடம் இவ்வளவு மரம் இருக்கும்போது கடல் தாண்டி வாங்குவானேன் என்று எனக்கும் தோன்றியது. தாத்தா பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. 1877-இல் நாற்றாக மலாயாவுக்கு வந்த ரப்பர் மரத்தை நம்பி மூன்று தலைமுறை சாப்பிட்டிருக்கிறது. பால் வற்றி, இருபத்தைந்து முப்பது வயதில் வெட்டப்படும் அந்த மரம் மேசை நாற்காலியாகிறது, மட்டையாகாதா? அடர்த்தியும் ஆஷ் மரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைசல் பட்டறை ஒன்றில் ஒரு பலகைக் கட்டையைக் கொடுத்து அளவு சொல்லிக் கடையவைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. வெளிர் மஞ்சள், வழவழப்பு, கைப்பிடி முனையிலுள்ள குமிழ்கூட அச்சாக வந்திருந்தது. ஒன்பதாவது பந்தில் கைப்பிடிக்கு மேலே இரண்டாகப் போய்விட்டது. உடைந்த வாயைப் பார்த்தபோதுதான் புரிந்தது: சீப்புப் பல் போலப் பிசிறில்லாமல் கழன்றிருந்தது. ரப்பர் பலகை பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தது போல வெட்டி ஒட்டித்தான் விற்பனைக்கு வருகிறது. நான் கொடுத்த கட்டையிலும் அப்படியொரு ஒட்டு, சரியாகக் கழுத்தில். ஒட்டில்லாத முழுக்கட்டை கிடைத்தாலும் விறைப்பில் ரப்பர் ஆஷை எட்டாது, முக்கால் பங்குதான் தேறும். நல்லவேளை யாருக்கும் காயமில்லை. அந்த இரண்டு துண்டும் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

கோலாலம்பூரில் மர மட்டைக்கு இன்னொரு பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். மட்டைக்கான மரத்தை நன்றாக உலர்த்தித்தான் கடைகிறார்கள். ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தொடும் நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் மரம் மெல்ல மெல்லத் தண்ணீரைக் குடித்து, தன் எடையில் பதினைந்து பதினாறு சதவீதம் ஈரம் ஏறும்வரை நிற்காது. மட்டை கனக்கும், மேற்பரப்பு மென்மையாகும், அடியின் சத்தமே மந்தமாகிவிடும். காரின் பின்பெட்டியில் போட்டுவைப்பது அதைவிட மோசம். பகலில் வெந்து, இரவில் ஈரம் குடித்து, நாலு வாரத்தில் வெடிப்பு விடும். நாங்கள் மூடி இறுகும் நீளமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு படுக்கவைக்கிறோம். மழை தூறினால் முதலில் உள்ளே போவது மர மட்டைதான், பிறகுதான் பிள்ளைகள் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். வியர்வைக்குப் பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் பிடிநாடா நன்றாகவே உதவுகிறது, அது எந்தத் தாமான் (குடியிருப்பு) கடையிலும் கிடைக்கும். ஆறேழு ரிங்கிட்டில் வேலை முடிந்துவிடும்.

செலவு என்று பார்த்தால், ஆளுக்கொரு மர மட்டை வாங்குங்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்வதில்லை. நல்ல மேப்பிள் மட்டை வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் சில நூறு ரிங்கிட் ஆகிவிடுகிறது. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு எங்களிடம் இருப்பது மூன்றுதான்: 28 அங்குலம் ஒன்று, 30 அங்குலம் ஒன்று, பெரியவர்களுக்கு 32. டீயிலும், பக்கவாட்டிலிருந்து மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போடும் பயிற்சியிலும் மட்டும் மரம். நேருக்கு நேர் வேகப்பந்தை எதிர்கொள்வது அலுமினியத்தில். போட்டிக்கு முந்தைய வாரம் மரத்தைத் தொடவே மாட்டோம், எந்த மட்டையில் ஆடப்போகிறார்களோ அதன் கனம் கைக்குப் பழகியிருக்க வேண்டும் அல்லவா. பெரிய உயரத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையே மர மட்டையில்தான் ஆடப்படுகிறது. அமெரிக்காவில் கல்லூரி வீரர்கள் ஆடும் கேப் காட் கோடைக்கால லீக் 1985-இல் மரத்துக்குத் திரும்பியதிலிருந்து, மரத்தில் இவன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் திறன் தேடுவோர் அங்கே போகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவன் வந்தால் பதினைந்து வயதிலிருந்தே முழுக்க மரம்தான் என்பேன். இதுவரை எங்களிடம் இரண்டு பேர் அந்த வழியில் போகிறார்கள், ஒருத்தி பெண்பிள்ளை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை மட்டைகளைத் தட்டிப் பார்ப்பது. பிடியைத் தளர்வாகப் பிடித்து மட்டையின் தலையைச் சிமெண்டுத் தரையில் மெல்லத் தட்டினால், நல்ல மட்டை கணீரென்று சொல்லும். உள்ளே கீறல் இருந்தால் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் வரும். கீறியதை ஒட்டுப் போட்டு அடிக்கக் கூடாது, ஒதுக்கிவைத்துவிட வேண்டும். இப்போது இந்த வேலையைக் கையை உதறிய அந்தப் பதின்மூன்று வயதுப் பையனிடம் ஒப்படைத்திருக்கிறேன். காதை மட்டையோடு ஒட்டிவைத்து, மூன்றையும் வரிசையாகத் தட்டுகிறான். போன வாரம் 30 அங்குல மட்டையை இரண்டாவது முறை தட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. குனிந்து கைப்பிடியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது, பிடிநாடாவின் விளிம்புக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.